டின் மீன் போட்ட ஷ்சி: கோஸுக்கு ஒரு ராத்திரி, மீனுக்கு ஐந்து நிமிடம்

ருஷ்ய நாவல்களைத் தமிழில் படித்து வளர்ந்தவர்களுக்கு ‘முட்டைகோஸ் சூப்’ என்ற சொல் பழக்கமானது. மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகம் அனுப்பிய அந்தக் கெட்டி அட்டைப் புத்தகங்களில், பனியிலிருந்து வீட்டுக்குள் வரும் யாரோ ஒருவருக்கு ஒரு கிண்ணம் ஊற்றிக் கொடுப்பார்கள். படிக்கும்போது அது ஏதோ ஏழை வீட்டுக் கோஸ் கஞ்சி என்றுதான் நினைத்திருந்தேன். குர்ஸ்க் நகரத்துக்கு மருத்துவம் படிக்கப் போய், முதல் குளிர்காலத்தில் விடுதிச் சமையலறையில் அதைக் குடித்தபோது அந்த எண்ணம் போய்விட்டது.

அதன் பெயர் ஷ்சி. உச்சரிக்கும்போது ‘ஷ்’ கொஞ்சம் நீளும். எங்கள் விடுதியில் மாணவர்கள் செய்யும் ஷ்சியில் இறைச்சி இருக்காது. மாதக் கடைசியில் கையில் இருக்கும் காசுக்குத் தக்காளிச் சாறில் ஊறிய டின் மீன்தான் கிடைக்கும். நானும் ஒரு நாள் செய்தேன். தண்ணீர், உருளைக்கிழங்கு, புளித்த கோஸ், டின் மீன் எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டேன். மீன் கரைந்து சேறாகிவிட்டது, கிழங்கோ கல் மாதிரி அப்படியே இருந்தது. வாசலில் சாவிகளைப் பார்த்துக்கொள்ளும் பாட்டி சட்டிக்குள் எட்டிப் பார்த்தார். “ஸினோக்,” என்றார். நம் ஊரில் ‘தம்பி’ என்றோ ‘மகனே’ என்றோ கூப்பிடுவது போன்ற சொல் அது. “கோஸ் எப்போது வேகும் என்று கோஸைக் கேள். மீனிடம் கேட்காதே, அது டின்னுக்குள்ளேயே வெந்துவிட்டது.”

இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு பேச்சின் விரிவுதான். கோஸுக்கு நேரம் வேண்டும், மீனுக்கு வேண்டாம். இரண்டையும் ஒரே கடிகாரத்தில் ஓட்டினால் சூப் கெடும்.

ஷ்சி என்றால் எது

பீட்ரூட் சேர்ந்தால் அது போர்ஷ், சேராவிட்டால் ஷ்சி. முதலில் இப்படிப் பிரித்துக்கொண்டால் போதும். ஷ்சிக்குள்ளேயே பல வகை உண்டு. புதிய கோஸில் செய்வது ஒன்று, புளிக்கவைத்த கோஸில் செய்வது இன்னொன்று. வசந்தத்தில் கோஸுக்குப் பதில் புளிப்புக் கீரை போட்டுச் செய்வது பச்சை ஷ்சி. கோஸை மெல்லியதாக நறுக்காமல் பெரிய துண்டுகளாகப் போட்டால் அதற்கு ‘சோம்பேறி ஷ்சி’ என்று பெயர். இறைச்சி இல்லாமல் காளான் போட்டால் நோன்பு ஷ்சி.

எல்லாவற்றிலும் மாறாத இரண்டு விஷயங்கள் உண்டு. கோஸோ கீரையோ இலைதான் சட்டியின் உடம்பு. அதில் ஒரு புளிப்பு இருந்தே ஆக வேண்டும். அந்தப் புளிப்பு ஊறிய கோஸிலிருந்து வரலாம், அது ஊறிய நீரிலிருந்து வரலாம், மேலே போடும் ஸ்மெத்தானா என்ற புளித்த பாலேட்டிலிருந்தும் வரலாம். புளிப்பே இல்லாத ஷ்சி, புளி ஊற்றாத சாம்பார் மாதிரி.

“ஷ்சி த காஷா, பீஷ்சா நாஷா” என்று ஒரு பழமொழி இருக்கிறது. ஷ்சியும் காஷாவும்தான் நம் சாப்பாடு என்று பொருள். காஷா என்பது தானியக் கஞ்சி, நம் களிக்கும் பொங்கலுக்கும் நடுவில் நிற்கும் பதம். குடியானவர் வீட்டில் இந்த இரண்டும்தான் ஆண்டு முழுக்க. கிராமத்து மரவீடுகளில் சுவரெல்லாம் ஏறிப்போயிருக்கும் அந்த வாசனைக்கே ‘ஷ்சானோய் தூக்’, அதாவது ஷ்சி மணம், என்று தனிப் பெயர் உண்டு. செங்கல் அடுப்புக்குள் மண்பானையிலோ வார்ப்பிரும்புப் பானையிலோ வைத்துவிட்டு வயலுக்குப் போவார்கள்; திரும்பி வரும்போது கொதிக்காமலேயே மெல்லப் புழுங்கி வெந்திருக்கும். நம்மிடம் அந்த அடுப்பு இல்லை. ஆனால் அது செய்த வேலையைச் செய்ய வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

உருளைக்கிழங்கும் தக்காளியும் இந்தச் சட்டிக்குப் பின்னால் வந்த விருந்தாளிகள். ருஷ்யக் குடியானவர்கள் உருளையைப் பரவலாகப் பயிரிட்டதே 19-ஆம் நூற்றாண்டில்தான். அதனால் பழைய முறையில் பிடிவாதமாக நிற்பவர்கள் புளித்த கோஸ் ஷ்சியில் கிழங்கு சேர்க்கவே மாட்டார்கள். நான் சேர்ப்பேன். டின் மீன் சூப்பில் வயிறு நிறைய ஒன்று வேண்டும்.

மீன் இதில் எப்படி வந்தது

ஷ்சியில் மீன் போடுவது ஏதோ வறுமைக்காலக் கண்டுபிடிப்பு என்று சிலர் நினைப்பார்கள். அப்படி இல்லை. ஸ்தூரியன் மீனின் தலையைப் போட்டு வேகவைக்கும் ஷ்சி பழைய ருஷ்யச் சமையலில் பேர் பெற்றது. ஏழைகளுக்கு ஸ்னெத்தோக். பிஸ்கோவ் பக்கத்து ஏரியில் பிடிக்கும் விரல் நீளக் குட்டி மீன் அது. அடுப்பில் உலர்த்திச் சாக்குகளில் கட்டி விற்பார்கள். ஒரு பிடி உலர்ந்த ஸ்னெத்தோக் போட்ட கோஸ் சூப் வடமேற்கு ருஷ்யாவில் சாதாரணச் சாப்பாடு. டின் மீன் ஷ்சியை நான் இந்த ஸ்னெத்தோக் ஷ்சியின் நேர் வாரிசாகவே பார்க்கிறேன். சின்ன மீன், பதப்படுத்திய மீன், கடைசியில் சேர்க்கும் மீன்.

சோவியத் காலத்தில் அரசே மீன் பக்கம் தள்ளியது. 1932 செப்டம்பர் 12 அன்று வந்த ஆணைப்படி பொது உணவகங்களில் ‘மீன் நாள்’ தொடங்கியது. இறைச்சிப் பற்றாக்குறைதான் காரணம். பிறகு 1976 அக்டோபர் 26 அன்று அதை மறுபடியும் கொண்டுவந்து, வியாழக்கிழமை என்று நிலைநிறுத்தினார்கள். ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் நோன்பு நாட்கள் புதனும் வெள்ளியும் என்பதால், இரண்டுக்கும் இடையில் வரும் வியாழனைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று சொல்வார்கள். தொழிற்சாலைக் கான்டீனிலும் பள்ளியிலும் அன்று மீன்தான். இன்றும் அந்தத் தலைமுறை ஆட்கள் வியாழன் வந்தால் மீன் சமைப்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். மீன் போட்டதால் இது நோன்பு ஷ்சி ஆகிவிடாது. ஈஸ்டருக்கு முந்தைய பெரிய நோன்பில் மீனுக்கு அனுமதி இரண்டே நாள்: மரியாளுக்கு மங்களச் செய்தி வந்த திருநாள், அப்புறம் குருத்தோலை ஞாயிறு. நோன்பிருக்கும் ருஷ்ய நண்பரைச் சாப்பிடக் கூப்பிட்டால் முதலில் கேட்டுவிடுங்கள்.

எந்த டின்

இதற்கென்றே பிறந்த டின், தக்காளிச் சாறில் ஊறிய கீல்க்கா. பால்டிக் கடலிலும் காஸ்பியனிலும் கிடைக்கும், நெத்திலி அளவே இருக்கும் மீன். டின் பெரும்பாலும் 240 கிராம். ருஷ்யாவில் மளிகைக் கடை எதிலும் கிடைக்கும், மலிவும்கூட. எலும்பு தனியாகத் தெரியாத அளவுக்கு மெத்தென்று இருக்கும். டின்னை மூடிய பிறகு 110 டிகிரிக்கு மேல் வேகவைப்பதால்தான் அப்படி. பாட்டி சொன்னது அந்த வெப்பத்தைத்தான்.

கீல்க்கா வாங்கும்போது மூன்று விஷயம் பார்ப்பேன். பொருள் பட்டியலில் முதலில் மீன் இருக்க வேண்டும்; தண்ணீரோ மாவோ முதலில் வந்தால் வைத்துவிடலாம். டின்னைக் காதருகே ஆட்டினால் சளசளவென்று பெரிதாகச் சத்தம் வரக் கூடாது, வந்தால் சாறு அதிகம் மீன் கொஞ்சம். மூன்றாவது, மூடியில் பொறித்திருக்கும் எழுத்து. ஆலை எண்ணோடு ‘Р’ என்று ஓர் எழுத்து இருக்கும். பார்க்க ஆங்கில எழுத்துப் போல இருந்தாலும் அது ருஷ்ய ‘எர்’. மீன் தொழிலைக் குறிப்பது. தேதி தனி வரியில் நாள், மாதம், ஆண்டு என்று இருக்கும். உப்பிய டின், ஓரம் நசுங்கிய டின், துருவேறிய டின் எதையும் தொடாதீர்கள். உப்பிய டின்னைச் சுவை பார்த்துக்கூடச் சோதிக்கக் கூடாது, அதில் உயிருக்கே ஆபத்து இருக்கிறது.

சில டின்களில் ‘நெராஸ்தேலான்னயா’ என்று இருக்கும். தலையும் குடலும் நீக்காத முழு மீன் என்று பொருள். கெடுதல் இல்லை, ஆனால் லேசான கசப்பு வரும். புளித்த கோஸ் அந்தக் கசப்பைத் தாங்கிக்கொள்ளும், புதிய கோஸ் மட்டும் போட்டால் தெரியும்.

கீல்க்காவுக்கு அடுத்து சாய்ரா. பசிபிக் மீன், கொழுப்புள்ளது, தன் சாறிலேயே டின்னில் வரும். அதைப் போட்டால் சூப் சிவக்காது, தெளிவாக இருக்கும். கானாங்கெளுத்தி, கர்புஷா என்ற இளஞ்சிவப்பு சால்மன், ஈவாசி மத்தி எல்லாமே நன்றாக வரும். தக்காளியில் ஊறிய பிச்கி மீன் கருங்கடல், அஸோவ் கடல் பக்கத்துக்காரர்களுக்குப் பிடித்தது. இலங்கையில் ‘டின் மீன்’ என்றும் மலேசியாவில் ‘சார்டின்’ என்றும் வாங்கும் தக்காளிச் சாறு டின்களும் இந்தச் சட்டிக்குப் பொருந்தும். மிளகாய் சேர்த்ததை மட்டும் தவிர்த்துவிடுங்கள். ஷ்ப்ரோத்தி என்ற புகையூட்டிய எண்ணெய் மீனை நான் போடுவதில்லை. ரொட்டியின் மேல் வைத்துச் சாப்பிட வேண்டிய பொருள் அது. சூப்பில் போட்டால் புகை வாசனை கோஸை அடித்துவிடும்.

கோஸ், புளித்த கோஸ்

புதிய கோஸ் என்றால் கெட்டியாக, வெளுப்பாக, கையில் எடுத்தால் கனமாக இருப்பதைத் தேடுங்கள். கோடையின் இளங்கோஸ் ஏழெட்டு நிமிடத்தில் வெந்துவிடும். குளிர்காலத்துக்காக வைத்திருக்கும் கோஸுக்கு 20, 25 நிமிடம் ஆகும். சமையல் குறிப்பில் போட்டிருக்கும் நிமிடத்தைவிட உங்கள் கோஸின் வயதுதான் முக்கியம்.

புளிக்கவைத்த கோஸுக்கு ருஷ்யப் பெயர் ‘க்வாஷெனயா கபூஸ்தா’. இங்கே புளிக்கோஸ் என்றே சொல்கிறேன். இதில் வினிகர் கிடையாது. உப்பு போட்டுப் பிசைந்து, தன் சாறிலேயே ஊறவிட்டு, தானாகப் புளிக்கவிடுவது. கடையில் வாங்கினால் பட்டியலில் வினிகர் இருக்கிறதா என்று பாருங்கள். வினிகர் கோஸ் சாலட்டுக்குச் சரி, சூப்பில் போட்டால் மூக்கைத் துளைக்கும்.

வீட்டிலேயே செய்வது எளிது. ருஷ்யாவில் இது இலையுதிர்காலத்து வேலை. செப்டம்பர் 27 அன்று வரும் சிலுவைத் திருநாளிலிருந்து கோஸ் நறுக்கத் தொடங்குவார்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடி, பாட்டும் பேச்சுமாகப் பீப்பாய் பீப்பாயாக நறுக்குவார்கள். நமக்கு ஒரு கிலோ போதும். ஒரு கிலோ கோஸை மெல்லியதாக நறுக்கி, ஒரு கேரட்டைத் துருவிச் சேர்த்து, 20 கிராம் கல்லுப்பு போட்டு, சாறு விடும்வரை கையால் அழுத்திப் பிசையுங்கள். கண்ணாடி ஜாடியில் இடைவெளி இல்லாமல் அமுக்கி, மேலே ஏதாவது கனம் வையுங்கள். கோஸ் எப்போதும் சாறுக்குள் மூழ்கியிருக்க வேண்டும். 18, 20 டிகிரி அறையில் மூன்றிலிருந்து ஐந்து நாள் ஆகும். நம் ஊர் வெயிலில் இதைவிடச் சீக்கிரமே புளிக்கும், அதனால் இரண்டாம் நாளிலிருந்தே சுவைத்துப் பாருங்கள். தினமும் ஒரு மரக்குச்சியால் அடிவரை குத்தி, உள்ளே சேரும் வாயுவை வெளியேற்ற வேண்டும். இதை விட்டுவிட்டால் கசந்துபோகும். பதமானதும் குளிர்சாதனப் பெட்டிக்கு மாற்றிவிடலாம்.

ஊறிய நீரைக் கொட்டிவிடாதீர்கள். சமையலில் அதுதான் நம் புளிக்கரைசல்.

அளவு

ஆறு கிண்ணத்துக்கு, நான்கு லிட்டர் பாத்திரத்தில்:

தண்ணீர் 2 லிட்டர்
புதிய கோஸ் 300 கிராம்
புளிக்கோஸ் 200 கிராம், அதன் நீர் அரை டம்ளர்
உருளைக்கிழங்கு 350 கிராம், மூன்று நடுத்தரக் கிழங்கு
பெரிய வெங்காயம் ஒன்று, கேரட் ஒன்று
தக்காளி விழுது ஒரு மேசைக்கரண்டி
சூரியகாந்தி எண்ணெய் 3 மேசைக்கரண்டி
தக்காளிச் சாறில் ஊறிய கீல்க்கா, 240 கிராம் டின் இரண்டு
பிரிஞ்சி இலை 2, மிளகு 8, பூண்டு 2 பல்
சதகுப்பைக் கீரை ஒரு கைப்பிடி
ஸ்மெத்தானா, கிண்ணத்துக்கு ஒரு கரண்டி
உப்பு கடைசியில், சுவைத்துப் பார்த்து

பிரிஞ்சி இலை விஷயத்தில் ஒரு சொல். ருஷ்யர்கள் போடுவது லாரல் மரத்து இலை. நம் பிரியாணியில் போடுவது வேறு மரம், அதில் பட்டை மணம் இருக்கும். கடையில் லாரல் இலை கிடைத்தால் அதையே வாங்குங்கள். கிடைக்காவிட்டால் நம் இலையில் ஒன்று மட்டும் போதும்.

உலர்ந்த காளான் நாலைந்து துண்டு இருந்தால் சுடுநீரில் ஊறவைத்து, அந்த நீரோடு சேர்க்கலாம். எலும்பு வேகவைத்த சாறு இல்லாத குறையை அது தீர்த்துவிடும். நான் எப்போதும் சேர்ப்பேன்.

புளிக்கோஸைப் புழுக்குவது

எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை இதுதான், பலரும் தாண்டிப்போகும் வேலையும் இதுதான். புளிக்கோஸை நேராகச் சூப்பில் போட்டால் நறுக் நறுக்கென்று தனியாக நிற்கும். புளிப்பும் கூர்மையாக இருக்கும். செங்கல் அடுப்புக்குள் பானை மணிக்கணக்காக இருந்தபோது நடந்ததை நாம் ஒரு சின்னச் சட்டியில் செய்கிறோம்.

புளிக்கோஸைப் பிழிந்து, நீரைத் தனியே வையுங்கள். நீளமான இழைகளாக இருந்தால் இரண்டு மூன்று முறை குறுக்கே வெட்டுங்கள், கரண்டியில் தொங்கக் கூடாது. அடி கனமான சட்டியில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, கோஸைப் போட்டு இரண்டு நிமிடம் புரட்டுங்கள். அரை டம்ளர் தண்ணீர் ஊற்றி, மூடி, அடுப்பு எவ்வளவு குறையுமோ அவ்வளவு குறைத்து 40 நிமிடம் விடுங்கள். நேரம் இருந்தால் ஒரு மணி. தண்ணீர் வற்றினால் கொஞ்சம் ஊற்றுங்கள். கடைசியில் கோஸ் தேன் நிறத்துக்கு வந்து, விரலால் நசுக்கினால் நசுங்க வேண்டும். புளிப்பு போயிருக்காது, அதன் முனை மட்டும் மழுங்கியிருக்கும். வாசனையே மாறிவிடும். பச்சைக் கோஸின் கந்தக வாடை போய் இனிப்பாக ஒரு மணம் வரும். அந்த மணம் வரும்வரை அடுத்த வேலைக்குப் போகாதீர்கள்.

கிழங்கும் புதிய கோஸும்

இது புழுங்கிக்கொண்டிருக்கும்போதே பெரிய பாத்திரத்தில் 2 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவையுங்கள். கிழங்கை இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டிப் போடுங்கள். காளான் இருந்தால் அதுவும் இப்போதே. ஒரு சிட்டிகை உப்பு, மிளகு.

புளிப்பு எதுவும் சேரும் முன்னால் கிழங்கு வெந்துவிட வேண்டும். நம் வீட்டில் குழம்புக்குக் காய் வெந்த பிறகுதான் புளி கரைத்து ஊற்றுவார்கள் அல்லவா, அதே காரணம்தான். கிழங்கின் செல் சுவர்களைப் பிடித்துவைத்திருக்கும் பெக்டின், புளிப்பு இருந்தால் கரையாது. அப்புறம் இரண்டு மணி நேரம் கொதிக்கவிட்டாலும் நடுவில் ஒரு கடினம் இருந்துகொண்டே இருக்கும். என் முதல் சட்டியில் கிழங்கு கல்லானது இதனால்தான். புளிக்கோஸ் மட்டுமில்லை, கீல்க்காவின் தக்காளிச் சாறும் புளிப்பு என்பதை அன்று நான் யோசிக்கவில்லை.

குளிர்காலக் கோஸ் என்றால் கிழங்கோடு சேர்த்தே போடுங்கள். இளங்கோஸ் என்றால் கிழங்கு முக்கால் வேக்காடு வந்த பிறகு. கோஸை அரை சென்டிமீட்டர் அகலத்துக்கு நறுக்கினால் போதும். மிக மெல்லியதாக நறுக்கினால் குழைந்து காணாமல் போகும். மூடியைச் சாய்த்து வைத்து, தளதளவென்று கொதிக்காமல் மெல்லத் துடிக்கும் சூட்டில் 15, 20 நிமிடம். கிழங்கில் கத்தி தடையில்லாமல் இறங்க வேண்டும்.

ஸஜார்க்கா

ருஷ்ய வீட்டுச் சமையலின் தாளிப்பு இது. கடுகு, கறிவேப்பிலை கிடையாது. வெங்காயமும் கேரட்டும் எண்ணெயில் நிதானமாக வதங்குவதுதான் ஸஜார்க்கா. மீதி இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயில் பொடியாக நறுக்கிய வெங்காயத்தைப் போட்டுக் கண்ணாடி போல் ஆகும்வரை வதக்குங்கள். பிறகு துருவிய கேரட். எண்ணெய் ஆரஞ்சு நிறமாக மாறும்வரை ஐந்து நிமிடம். நடுவில் இடம் ஒதுக்கித் தக்காளி விழுதைப் போட்டு, பச்சை வாசனை போய்ச் செங்கல் நிறம் வரும்வரை கிளறுங்கள். வெங்காயம் சிவக்கக் கூடாது. சிவந்தால் சூப் முழுக்க வறுத்த வாசனை வந்து, கோஸ் பின்னால் போய்விடும்.

கீல்க்காவில் ஏற்கெனவே தக்காளி இருக்கிறதே, விழுது எதற்கு என்று கேட்கலாம். டின்னில் இருக்கும் சாறு இனிப்பாக இருக்கும், சர்க்கரை சேர்த்திருப்பார்கள். எண்ணெயில் வதங்கிய விழுதுதான் அதற்கு ஓர் ஆழம் கொடுக்கும். அந்த இனிப்பைச் சமன்செய்வதற்கும்தான் புளிக்கோஸ் கட்டாயம் வேண்டும் என்கிறேன். புதிய கோஸ் மட்டும் போட்டுக் கீல்க்கா ஷ்சி செய்பவர்கள் நிறைய உண்டு. எனக்கு அது தித்திப்பாகத்தான் தெரிகிறது.

ஒன்றுசேர்ப்பது

கிழங்கு வெந்ததை இன்னொரு முறை பார்த்துவிட்டு, புழுங்கிய புளிக்கோஸையும் ஸஜார்க்காவையும் பாத்திரத்தில் சேருங்கள். பிரிஞ்சி இலை போடுங்கள். மிகக் குறைந்த சூட்டில் 15 நிமிடம். இப்போது சுவைத்துப் பாருங்கள். புளிப்பு போதாவிட்டால் எடுத்துவைத்த கோஸ் நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். ஒரேயடியாக ஊற்றினால் திரும்பி வர வழி இல்லை. புளிப்பு மிஞ்சிவிட்டால் ஒரு சிட்டிகை சர்க்கரை உதவும். அதற்கும் அடங்காவிட்டால் தனியாக வேகவைத்த ஒரு கிழங்கை மசித்துச் சேருங்கள். உப்பு இன்னும் போட வேண்டாம், டின்னில் இருப்பது வரட்டும். இலையை இந்த இடத்திலேயே எடுத்துவிடுங்கள், ஊறினால் கசக்கும்.

நல்ல ஷ்சியில் கரண்டியை நட்டால் நிற்கும் என்று ருஷ்யர்கள் சொல்வார்கள். அந்த அளவுக்கு வேண்டாம் என்றாலும், கிண்ணத்தில் நீரைவிடக் கோஸ் அதிகமாகத் தெரிய வேண்டும்.

அடுப்பை அணைத்து, மூடி, ஆறவிடுங்கள். பசித்தால் இப்போதே மீனைச் சேர்த்துச் சாப்பிடலாம், நன்றாகவே இருக்கும். ஆனால் முடிந்தால் ஒரு ராத்திரி பொறுங்கள்.

ஒரு ராத்திரி

‘சூத்தச்னியே ஷ்சி’ என்று ஒரு வகை உண்டு. ஒரு முழு நாள் வைத்திருந்து மறுநாள் சாப்பிடும் ஷ்சி. நம் வீடுகளில் முந்தின நாள் மீன்குழம்புக்கு இருக்கும் மதிப்பு அங்கே இதற்கு உண்டு. புளிப்பு, இனிப்பு, எண்ணெய் எல்லாம் இரவோடிரவாக ஒன்றுக்குள் ஒன்று இறங்கி, தனித்தனியாக இருந்தவை ஒரே சுவையாகிவிடும். முற்காலத்தில் நீண்ட பயணம் போகிறவர்கள் ஷ்சியைப் பனியில் உறையவைத்து எடுத்துப்போய், வழியில் வெட்டிச் சூடாக்கிச் சாப்பிட்டார்கள் என்று சொல்வார்கள். கோஸ் உறைந்து உருகும்போது இன்னும் மென்மையாகும்.

இங்கேதான் டின் மீன் ஷ்சிக்கு ஒரு சிக்கல். மீனைப் போட்டுவிட்டு இரவு முழுக்க வைத்தால் மறுநாள் அது நாராகி, சட்டி முழுக்க வாடை ஏறியிருக்கும். மீன் ஷ்சியை அன்றே முடித்துவிட வேண்டும் என்று பலர் சொல்வது இதனால்தான். நான் இரண்டையும் பிரித்துவிடுகிறேன். கோஸ் மட்டும் இருக்கும் சட்டியை ஆறவைத்து, இரவு முழுக்கக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பேன். டின்னை மறுநாள் சாப்பிடும் நேரத்தில்தான் திறப்பேன். பழைய ஷ்சியின் ஆழம், புதிய மீனின் முழுமை, இரண்டும் கிடைக்கும்.

மீன்

மறுநாள் சட்டியை மெல்லச் சூடாக்குங்கள். துடிக்கத் தொடங்கியதும் டின்களைத் திறந்து, முதலில் சாறை மட்டும் ஊற்றுங்கள். ஒரு கரண்டி சூடான சூப்பை டின்னுக்குள் விட்டு அலசினால் ஒட்டியிருக்கும் தக்காளியும் வந்துவிடும். இரண்டு நிமிடம் துடிக்கட்டும். இப்போது சுவைத்து, உப்பு வேண்டுமானால் போடுங்கள். அப்புறம் மீனை மெதுவாகச் சரித்துவிடுங்கள்.

இதற்குமேல் கரண்டியால் கிளற வேண்டாம். பாத்திரத்தின் இரண்டு காதையும் பிடித்து லேசாகச் சுழற்றினால் போதும். ஐந்து நிமிடம், கொதி வராமல். அடுப்பை அணைத்து, நசுக்கிய பூண்டும் சதகுப்பையும் தூவி, மூடி 15 நிமிடம் வையுங்கள். பூண்டைக் கொதியில் போட்டால் அதன் கூர்மை போய்விடும், சூட்டில் மட்டும் ஊறட்டும்.

சாய்ராவோ கானாங்கெளுத்தியோ போடுவதாக இருந்தால் சில மாற்றங்கள் செய்வேன். தக்காளி விழுது வேண்டாம். புதிய கோஸையும் விட்டுவிட்டுப் புளிக்கோஸ் 400 கிராமாக ஆக்கிவிடுங்கள். கிழங்கோடு இரண்டு மேசைக்கரண்டி பனிவரகோ தினையோ கழுவிப் போட்டால் சாறு கொஞ்சம் கெட்டிப்படும். ருஷ்யர்கள் போடும் ப்ஷெனோ என்பது பனிவரகுதான். மீனைத் துண்டு துண்டாகவே விடுங்கள், கிண்ணத்தில் எடுக்கும்போது ஆளுக்கு இரண்டு பெரிய துண்டு தெரிய வேண்டும். டின் சாறை இதிலும் வீணாக்கக் கூடாது, சூப்பிலேயே ஊற்றிவிடுங்கள். எண்ணெய் டின் என்றால் மட்டும் எண்ணெயை வடித்துவிடுங்கள்; அதில் ஒரு கரண்டி ஸஜார்க்கா வதக்கப் பயன்படும்.

கிண்ணத்தில்

ஆழமான கிண்ணம், சூடாக. நடுவில் ஒரு கரண்டி ஸ்மெத்தானா. 20 சதவீதக் கொழுப்புள்ளது நல்லது. கிடைக்காவிட்டால் கட்டித் தயிரைத் துணியில் வடித்து, கொஞ்சம் பாலேடு கலந்துகொள்ளுங்கள். அதைச் சட்டியில் ஊற்றாதீர்கள், திரிந்துவிடும். கிண்ணத்தில்தான் போட வேண்டும். சாப்பிடுகிறவர் தானே கலக்கிக்கொள்வார். சிலர் மீனுக்கும் ஸ்மெத்தானாவுக்கும் ஒத்துவராது என்பார்கள். கீல்க்காவோடு அது நன்றாகவே சேர்கிறது, சாய்ராவோடு எனக்கும் வேண்டாம்.

பக்கத்தில் ரை என்ற தானியத்தில் செய்த, கம்பு ரொட்டி போலக் கறுத்த ரொட்டி. பரதீன்ஸ்கி ரொட்டி கிடைத்தால் அதைவிட வேறு வேண்டாம்; மேலே கொத்தமல்லி விதை தூவியிருக்கும் புளித்த ரொட்டி அது. ஒரு பல் பூண்டை அதன் ஓரத்தில் தேய்த்து, உப்பு தொட்டுச் சாப்பிடுவார்கள்.

மீன் சேர்க்காத அடிச்சட்டி குளிர்சாதனப் பெட்டியில் மூன்று நாள் தாங்கும். அதனால் ஆறு கிண்ணத்துக்குச் செய்துவிட்டு, வீட்டில் இரண்டு மூன்று பேர்தான் என்றால், முழுச் சட்டியையும் சூடாக்காமல் பாதியை மட்டும் வேறு பாத்திரத்தில் எடுத்து ஒரு டின்னைத் திறங்கள். இன்னொரு டின் அலமாரியிலேயே இருக்கட்டும், நாளை மீதிப் பாதியோடு திறக்கலாம். திறந்த டின்னில் மீன் மிஞ்சினால் டின்னிலேயே வைக்காமல் கண்ணாடிக் கிண்ணத்துக்கு மாற்றி, மறுநாளுக்குள் ரொட்டியோடு தீர்த்துவிடுங்கள்.